அம்புக்குறி விசைக்கு ஓர் உறை

கட்டளை வரியில் இயங்கும் ஒரு புரோகிராமுக்கு நீண்ட கட்டளை ஒன்றைத் தட்டச்சு செய்கிறீர்கள். நடுவில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தலாமென்று இடப்பக்க அம்புக்குறி விசையை அழுத்தினால், குறிமுள் நகர்வதில்லை. சதுர அடைப்புக்குறிகளும் ஓர் ஆங்கில எழுத்துமாக ஏதோ திரையில் விழுகிறது. இது கணிப்பொறியின் கோளாறு அன்று. அம்புக்குறி விசை அனுப்புவது ஒரே எழுத்தை அன்று, மூன்று எழுத்துகள் கொண்ட கோவையை. யுனிக்ஸ் வழிவந்த இயக்க முறைகள் தாமாகச் செய்து தருவது கடைசி எழுத்தையோ சொல்லையோ முழு வரியையோ அழிப்பது போன்ற சில்லறை உதவிகளே.

இக்குறையைத் தீர்க்கப் பிறந்ததுதான் ரீட்லைன். பாஷ் என்னும் ஷெல்லுக்காகப் பிரையன் ஃபாக்ஸ் 1980களின் இறுதியில் எழுதிய நிரல் நூலகம் இது. வரியைத் திருத்தலாம், பழைய கட்டளைகளை மீட்கலாம், டேப் விசையால் பாதிச் சொல்லை நிறைவு செய்யலாம். ஆனால் விலை உண்டு, பணமாக அன்று. இதனை இணைத்து வெளியிடும் புரோகிராமும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வரவேண்டும். கிலிஸ்ப் என்னும் லிஸ்ப் மொழிப் புரோகிராம் 1992இல் அவ்வுரிமத்துக்கு மாறியது இதனாலேயே.

நாம் இங்கு எடைபோட விரும்புவது ஆர்எல்ராப் என்னும் கருவியை. ஹான்ஸ் லுப் எழுதிய இது, புரோகிராமைத் தொடாமல் வெளியே உறைபோல் நிற்கிறது. ஒரு போலி முனையத்தை உண்டாக்கி அதனுள் புரோகிராமை ஓட்டுகிறது. உங்கள் விசைகளை ரீட்லைன் வாங்கித் திருத்தி, முடிந்த வரியை மட்டும் உள்ளே அனுப்புகிறது. மூல நிரல் கிடைக்காத பழைய புரோகிராமுக்கு இதைவிட எளிய மருந்து இல்லை என்பேன். கட்டளையின் முன் ஒரு சொல் சேர்த்தால் போதும், அவ்வளவே!

எனினும் உறைக்கு உள்ளே இருப்பது தெரியாது. புரோகிராமின் மாறிகளை அது அறியாது; நாம் கொடுத்த சொற்பட்டியலையும் திரையில் கண்ட சொற்களையும் கொண்டே நிரப்புகிறது. ஆகவே புதிதாகப் புரோகிராம் எழுதுவோர், 'பயனாளர் உறை போட்டுக்கொள்வார்' என்று கைகழுவுவது சோம்பலேயாகும். ஜிபிஎல் வேண்டாமெனில் பிஎஸ்டி உரிமத்தில் லிபெடிட் இருக்கிறதே.

மற்றொன்றையும் கவனியுங்கள். புரோகிராம் எதிரொலியை நிறுத்திக் கடவுச்சொல் கேட்டால், ஆர்எல்ராப் அதனை வரலாற்றில் சேர்ப்பதில்லை. நன்று. ஆனால் கட்டளைக்குள்ளேயே கடவுச்சொல்லை எழுதினீர்களானால் அது மற்ற வரிகளைப் போலவே உங்கள் கோப்பகத்து வரலாற்றுக் கோப்பில் வெறும் எழுத்தாகப் பதிந்துவிடும். அக்கோப்பை அவ்வப்போது திறந்து பாருங்கள்.