விருப்ப ஓய்வுக்காரரின் கணக்கு நோட்டு

ஐம்பது வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கிவிட்ட ஒருவரின் வீட்டில் நான் ஆசையாகப் புரட்டிப் பார்ப்பது வரவு செலவு நோட்டைத்தான். கோடு போட்ட நீள நோட்டு. பால், காய்கறி, மளிகை என்று தினச் செலவு ஒரு பக்கம். அதைவிட அழகு, மாதாமாதம் வராத செலவுகளுக்கென்று அவர் ஒதுக்கியிருக்கும் பக்கம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லை 2 ஆல், அரையாண்டுச் சொத்து வரியை 6 ஆல், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை 12 ஆல் வகுத்து மாதக் கணக்கில் சேர்த்திருப்பார். அப்போதுதான் குடும்பத்தின் நிஜமான மாதச் செலவு தெரியும். சம்பளக் காலத்தில் இந்தச் செலவுகள் தோண்டும் பள்ளத்தைப் போனஸ் வந்து மூடிவிடும்.

இந்தச் செலவைச் சேமிப்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்பது அடுத்த கேள்வி. சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 ஆண்டு தாங்கும் என்று 1994-இல் கணக்கிட்டார் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன். அது அந்நாட்டுச் சந்தையை வைத்துப் போட்ட கணக்கு. ஐம்பதில் ஓய்வு பெறுபவருக்கு 40 ஆண்டும் தேவைப்படலாம். நம் வீட்டு எண்ணை நம் நோட்டுதான் சொல்லும்.

அவர் நோட்டின் கடைசிப் பக்கங்கள் எனக்கு இன்னும் பிடிக்கும். அங்கே ரூபாயே இல்லை. நீச்சல் கற்பது, கல்வெட்டு வாசிக்கப் பழகுவது. எதிரே வகுப்புக்குப் போன தேதிகள். மிச்சம் பிடிப்பது எதற்காக என்று அவருக்கு மறக்கவே மறக்காது.

ஓய்வுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு முழு ஆண்டாவது இப்படி எழுதிப் பாருங்கள்.