இரண்டு நாய்களும் ஒரு டவரும்

ஒரு வாரமாகப் பழைய செல்போன் கம்பெனி விளம்பரங்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "வேற வேலையே இல்லையா?" என்று வீட்டில் கேட்டாச்சு. வேலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு கேள்வி விடமாட்டேன் என்கிறது: இந்த விளம்பரங்கள் நமக்கு இவ்வளவு பிடித்தது ஏன்? அவை சொன்னதில் எவ்வளவு உண்மை?

ஹட்ச் நாய்க்குட்டியில் ஆரம்பிப்போம். 2003-ல் வந்தது. ஓகில்வி உருவாக்க, பெங்களூர் நிர்வாணா ஃபிலிம்ஸின் பிரகாஷ் வர்மா கோவாவில் எடுத்த விளம்பரம். ஒரு சிறுவன் நடக்கிறான். அவன் எங்கே போனாலும் சுருங்கிய முகத்தோடு ஒரு பக் நாய் பின்னாலேயே வருகிறது. வசனம் கிடையாது. ஒரு பாட்டு, கடைசியில் ஒரு வரி: நீங்கள் எங்கே போனாலும் எங்கள் நெட்வொர்க் பின்னால் வரும். அவ்வளவுதான். இன்றைக்கும் பக் நாயைப் பார்த்தால் "ஹட்ச் நாய்" என்றுதான் நம் ஊரில் சொல்வார்கள். அந்தக் கம்பெனியின் பெயர் 2007-லேயே வோடஃபோன் ஆகிவிட்டது. ஆனாலும் நாய்க்கு வைத்த பெயர் மாறவில்லை பாருங்கள்.

விளம்பரமாக அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க நீங்கள் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். அன்று செல்போன் உரிமங்களில் சென்னை ஒரு வட்டம், மீதித் தமிழ்நாடு ஒரு வட்டம். சென்னை வட்டத்தின் வரையறையைப் படித்தால் ஒரு வேடிக்கை. சென்னை டெலிபோன்ஸ் பகுதியோடு மீஞ்சூர், மகாபலிபுரம் எக்சேஞ்சுகளையும் சேர்த்திருக்கிறார்கள். அதாவது மாமல்லபுரம் சென்னைக்குள் வருகிறது. அதைவிடப் பெரிய ஊரான, ரயில் ஜங்ஷன் உள்ள செங்கல்பட்டு வெளியே நிற்கிறது! பல்லவர் காலத்துக் கடற்கரைக்கு மெட்ரோ அந்தஸ்து. மாவட்டத்தின் பெயரையே சுமந்த ஊருக்கு ரோமிங்.

என் சித்தப்பா செங்கல்பட்டில் குடியிருந்துகொண்டு மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்துக்குத் தினமும் போய்வந்தவர். திருக்கழுக்குன்றம் வந்ததும் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். "எடுத்தாலே காசு பிடிச்சிடும்டா" என்பார். 2005-ல் இரண்டு வட்டங்களையும் ஒன்றாக்கினார்கள். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் அதே இடத்தில் அவர் கை பைக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த நாய்க்குட்டி டிவியில் ஓடிய 2003-ல் நம் பக்கத்தில் ஹட்ச்சுக்கு இருந்தது சென்னை வட்டம்தான். தமிழ்நாடு வட்டம் பிபிஎல் வசம் இருந்தது. 2006 வாக்கில்தான் அது ஹட்ச்சிடம் வந்தது. எனவே அந்த வரியைப் பொய் என்று நான் சொல்லவில்லை. நாய் பின்னால் வரத்தான் செய்தது. நடுவழியில் அது வேறொருவர் வீட்டு நாயாகிவிடும், தீனிக் காசு தனி. இதைத்தான் விளம்பரம் சொல்லவில்லை.

இப்போது ஜப்பானுக்கு ஒரு நடை. வோடஃபோன் 2006-ல் தன் ஜப்பான் கம்பெனியை சாஃப்ட்பேங்குக்கு விற்றுவிட்டு, அடுத்த வருஷம் இங்கே ஹட்ச்சை வாங்கியது. நாயோடு சேர்த்துத்தான். அதே 2007-ல், வோடஃபோன் விட்டுப்போன ஜப்பானில் சாஃப்ட்பேங்க் தனக்கென்று ஒரு நாயைக் கண்டுபிடித்தது! ஷிராடோ என்றொரு குடும்பம். அம்மா மனுஷி, மகள் மனுஷி, மகன் ஒரு கறுப்பின அமெரிக்கர், அப்பா ஒரு வெள்ளை நாய். அப்பா ஏன் நாய் என்று யாரும் கேட்பதில்லை. அவர் கனத்த குரலில் புத்தி சொல்வார், கோபித்துக்கொள்வார். குடும்பத்துக்குள் பேசினால் காசு இல்லை என்ற திட்டத்தை விற்கப் பிறந்த குடும்பம் அது. வருஷக்கணக்கில் தொடர்கதையாக ஓடியது.

இரண்டு நாய்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்முடையது வாய் பேசாமல் காலடியில் வருகிறது, சேவகன் மாதிரி. அவர்களுடையது வீட்டுத் தலைவர். நம் விளம்பரம் "எங்கே" என்பதைப் பற்றியது, அவர்களுடையது "யாரோடு" என்பதைப் பற்றியது. ஜப்பானில் டவர் எல்லா இடத்திலும் கிடைத்ததால்தான் அப்படி என்று நானும் முதலில் நினைத்தேன். அது சரியில்லை. 2012-ல் புது அலைவரிசை கிடைக்கும்வரை, சிக்னல் சுமார் என்ற பெயர்தான் சாஃப்ட்பேங்குக்கு அங்கே இருந்தது. ஆக, அவர்கள் தங்கள் பலவீனத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேச்சை மாற்ற ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். நாமோ எது குறைவாக இருந்ததோ அதையே வாக்குறுதியாகக் கொடுத்தோம். எது நேர்மை என்று கேட்டால் இரண்டும் இல்லை. ஆனால் எது அதிகம் காயப்படுத்தும் என்று கேட்டால், வாக்குறுதிதான்.

இந்த வரிசையில் எனக்கு மரியாதை வருவது டாடா டோகோமோ மீது. ஜப்பானின் என்டிடி டோகோமோவோடு சேர்ந்து 2009-ல் வந்தது. ஜப்பானிய மொழியில் அந்தப் பெயரின் ஓசைக்கு "எங்கும்" என்றொரு அர்த்தமும் உண்டு. இங்கேயும் அந்த "எங்கும்"தான்! ஆனால் அவர்கள் அதை விற்கவில்லை. விற்றது ஒரு சின்ன மெட்டையும் ஒரு கணக்கையும்: ஒரு நொடிக்கு ஒரு பைசா. பத்து நொடி பேசிவிட்டு ஒரு நிமிஷக் காசு கொடுத்துக்கொண்டிருந்த நமக்கு அது புரிந்தது. சில மாதங்களில் மற்றவர்களும் நொடிக் கணக்குக்கு இறங்கி வந்தார்கள். அந்த வருஷம் ஐபிஎல் நடுவே வந்த வோடஃபோனின் ஸூஸூக்களும் எனக்குப் பிடிக்கும். கார்ட்டூன் இல்லை, வெள்ளை உடுப்புக்குள் நிஜ மனுஷர்கள். ஆனால் ஸூஸூ சிரிக்க வைத்ததோடு சரி. டோகோமோ மெட்டு பில்லையே மாற்றியது. சரிபார்க்க முடிகிற ஒன்றைச் சொன்ன விளம்பரம் அது.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 2016-ல் ஜியோ வந்தது. விலையே விளம்பரமாகிவிட்டதால் நாய்க்கும் மெட்டுக்கும் வேலை இல்லாமல் போனது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் விழுந்தது. தமிழ்நாட்டிலேயே பிறந்த கம்பெனி, சிஎஸ்கே சட்டையில் பெயர் போட்டிருந்த கம்பெனி. டவர்கள் அணைந்து, நம்பரைக் காப்பாற்ற ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். டோகோமோவின் வாடிக்கையாளர்கள் ஏர்டெல்லுக்குப் போனார்கள். வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகி 2020-ல் வி ஆனது. யார் யாரைப் பின்தொடர்ந்தது? விளம்பரத்தில் நாய் பையனைத் தொடர்ந்தது. நிஜத்தில், ஒரு நம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, கம்பெனி மாற்றி கம்பெனி நாம்தான் பின்னால் ஓடியிருக்கிறோம்.

போன மாதம் மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரியில், படகு வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் அந்தப் பழைய விளம்பரத்தைப் போனில் காட்டினேன். முழுதும் பார்த்தார், சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பையன் கரையிலதானே நடக்கிறான்?" என்றார். படகு போகப் போகக் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். ஒரு கட்டத்தில் டவரே இருக்காது. வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லிவிட வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது. இந்தக் கரையில் டவர் என்பது வெறும் வசதி இல்லை. வீட்டில் இருப்பவர்கள் அன்று ராத்திரி தூங்குவார்களா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது.

அந்த நாய்க்குட்டி விளம்பரம் அழகுதான், இப்போதும் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஞாபகத்தில் நிற்கிற எதையும் லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் தேவனேரி நண்பர் ஒரே பார்வையில் பார்த்ததை நான் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தும் பார்க்கவில்லை: அந்த நாய் ஒரு தடவைகூட தண்ணீருக்குள் போகத் தேவைப்படவில்லை.