வேடம் புனையும் விளையாட்டு: ஒரு மதிப்பீடு

சிறுமியர் மணலிற் சிற்றில் இழைத்துச் சிறுசோறு சமைத்தலும், சிறுவர் கோலொன்றைக் குதிரையெனக் கொண்டு ஊர்தலும் எந்நாட்டினும் காணப்படுவன. தாம் அல்லாத ஒருவராய்ச் சிறிது பொழுது இருந்து பார்க்கும் அவா மக்கட் பிறப்போடு உடன்தோன்றியது. வளர்ந்தோர் அவ்வவாவை நடிகரிடமும் கூத்தரிடமும் ஒப்படைத்துத் தாம் காண்போராய் அமைந்துவிடுவர். அங்ஙனம் ஒப்படையாது, வளர்ந்தோரே மேசையைச் சூழ்ந்திருந்து வேடம் புனைந்து விளையாடும் பொழுதுபோக்கொன்று 1974ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே நூல் வடிவம் பெற்று, இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. அதன் கவர்ச்சி எதனால் உண்டாயது, அதன் நலம் எதனைச் சார்ந்து நிற்பது என்னும் இரு வினாக்களும் தமிழர்க்கும் பயன்படுவன.

விளையாட்டின் இயல்பு எளிது. நால்வர் ஐவர் ஓரிடத்திற் கூடுவர். ஒருவர் நடத்துநர்; ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொள்வர். பாத்திரத்தின் வலிமை, அறிவு, குறைபாடு முதலியன ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். பாழடைந்த கோட்டையின் வாயில் அடைபட்டிருக்கின்றது, உள்ளே அழுகுரல் கேட்கின்றது, என் செய்வீர் என நடத்துநர் வினவுவார். ஒருவர் கதவை உடைக்க முயல்வதாகக் கூறுவார். மற்றொருவர் அழுவோரை விளித்துப் பேசுவார். முயற்சி கைகூடுமோ என்பது ஐயத்துக்கிடமாயின் தாயக்கட்டை உருட்டப்படும். நான்முகக் கட்டை முதல் இருபது முகக் கட்டை வரை இதற்குப் பயன்படுவன. மேடை இல்லை, ஒப்பனை இல்லை, காண்போரும் இல்லை. சொல்லே அரங்கு, கேட்போர் உள்ளமே திரைச்சீலை.

இதன் மூலம் போர்ப் பயிற்சியில் உள்ளது. பிரசியாவின் படைத்தலைவர்க்காக ரைஸ்விற்ஸ் என்பார் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டில், நிலப்படத்தின்மீது படைகள் நகர்த்தப்பட்டன. தாயக்கட்டை உருட்டி இழப்புக் கணிக்கப்பட்டது. நடுவரொருவர் தீர்ப்புக் கூறினார். 1969இல் அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தவரான டேவிட் வெஸ்லி, படைகளுக்குப் பதிலாக ஒரு நகரத்தின் தனி மனிதரை ஆட்டக்காரர் ஒவ்வொருவர்க்கும் பகிர்ந்தளித்தார். அவ்வழியைப் பின்பற்றி வளர்த்தவர் டேவ் ஆர்ணிசன். அவரும் விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா நகரினரான கரி கைகக்ஸும் சேர்ந்து ஆக்கியதே 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டியாக அது 1974இல் வெளிவந்தபோது அச்சிடப்பட்டவை ஆயிரம் பிரதிகளே. படையை நகர்த்திய கை ஒரு மனிதனின் வாயாய் மாறிய இம்மாற்றமே விளையாட்டைக் கலையின் அயலிற் கொணர்ந்து நிறுத்தியது.

1980களில் அமெரிக்காவிற் பெற்றோர் சிலரும் சமயப் பற்றாளர் சிலரும் இதனை வன்மையாகக் கண்டித்தனர். இளைஞர் பாத்திரத்துள் மூழ்கித் தம்மை மறப்பர், தற்கொலைக்கும் தீநெறிக்கும் ஆளாவர் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. பின்வந்த ஆய்வுகள் அத்தகைய காரணத் தொடர்பைக் கண்டில. இலங்கைத் தமிழர்க்கு இக்குற்றச்சாட்டு வியப்பாகவே தோன்றும். மட்டக்களப்புக் கூத்து மரபில் அண்ணாவியார் ஆடுவோர்க்கு அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டினை ஏட்டிலிருந்து வகுத்து வழங்குவதனைச் 'சட்டங் கொடுத்தல்' என்பர். குரலும் உடலும் நோக்கி இன்னார்க்கு இவ்வேடம் எனத் துணிந்து, பின் நெடுநாட் பழகி அரங்கேற்றுவர். இரவு முழுதும் முடி தரித்து அரசனாய் நின்றவன் விடிந்ததும் வயலுக்குச் செல்வான். வேடம் அவனைக் கெடுத்ததில்லை. புனைவும் வாழ்வும் வேறென்பதை வேடமே அவனுக்கு உணர்த்திற்று. அமெரிக்க விளையாட்டின் பாத்திரத் தாளும் இச்சட்டத்தின் இனத்தது. வேறுபாடு ஒன்றே: கூத்தனுக்குச் சொல்லும் முடிவும் முன்னரே வகுக்கப்பட்டுள்ளன; இவ்விளையாட்டினனுக்கு அவை வகுக்கப்படவில்லை.

அவ்வேறுபாட்டிலேயே கவர்ச்சியின் மருமம் உள்ளது. வரம்பிலாத உரிமை மனிதனை நெடிது மகிழ்விப்பதில்லை. வரம்பு மட்டும் உள்ள இடத்திலும் மகிழ்வில்லை. இதனை யாழ்ப்பாணத்து அளவெட்டிக்கு எடுத்துரைத்தல் மிகை. நாகசுர மேதை என். கே. பத்மநாதனும், தவில் மேதை வி. தெட்சிணாமூர்த்தியும் (1933 - 1975) வாழ்ந்த ஊர் அது. இராகத்தின் இலக்கணமும் தாளத்தின் கணக்கும் அணுவளவும் வழுவாதிருக்கும்போதே கற்பனை கட்டற்று எழுகின்றது. நாகசுரத்தார் எடுத்த எடுப்பைத் தவிலார் கூர்ந்து கேட்டு மறுமொழி கூறுவர். கேளாதவர்க்கு எத்துணைக் கைவன்மை இருப்பினும் கச்சேரி சிறவாது. வேடம் புனையும் விளையாட்டிலும் விதிநூல் இராகத்தையும், தாயக்கட்டை தாளத்தையும் ஒத்து நிற்பன. ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டு அதன்மேற் கட்டுதலே மனோதர்மம் ஆகின்றது. ஆதலின் இதன் முதற் பயிற்சி பேசுதலன்று, கேட்டலே எனல் பொருந்தும்.

குறையும் உண்டு. தொடக்க விதிகளின்படி பாத்திரம் மேம்படுவது பகைவரைக் கொல்வதனாலும் பொருளைக் கவர்வதனாலுமே. அஞ்சினோரைக் காத்தவனுக்குக் கிடையாத மதிப்புப் பொற்காசைச் சுமந்து வந்தவனுக்குக் கிடைத்தது. போர் விளையாட்டின் வழித்தோன்றலாதலின் இது நேர்ந்தது எனச் சமாதானம் கூறலாம். எனினும் எதனை ஒரு விளையாட்டு எண்ணிக் கணக்கிடுகின்றதோ அதனையே ஆடுவோர் நாடுவர். இதனை உணர்ந்தோர் வேறு நெறி கண்டனர். 1981இல் வெளிவந்த 'கால் ஒவ் கதூலு' என்னும் விளையாட்டிற் கொடுமைகளைக் காணுந்தோறும் பாத்திரத்தின் மனவமைதி குன்றும். வெற்றியும் இழப்பின்றி அமையாது. விதியை மாற்றினால் அறமும் மாறும் என்பதற்கு இது சான்று.

இனி, நலம் பற்றியது. விற்பனையை மட்டும் நோக்குவார்க்கு இப்பொழுதுபோக்குச் செழித்திருப்பதாகவே தோன்றும். முதல் வெளியீட்டு நிறுவனம் 1997இலும், அதனை வாங்கிய நிறுவனம் 1999இலும் கைமாறி, உரிமை பெரிய விளையாட்டுப்பொருள் வணிகத்தைச் சேர்ந்தது. 2015 முதல் 'கிறிற்றிக்கல் றோல்' என்னும் நிகழ்ச்சியிற் குரல் நடிகர் சிலர் விளையாடுவதை இணையவழியே பெருந்தொகையினர் கண்டு களிக்கின்றனர். ஆயினும் காண்போர் பெருகுதல் ஆடுவோர் பெருகுதலாகாது. கைதேர்ந்த நடிகரைக் கண்டு பழகியவன் தன் தடுமாறிய சொல்லுக்கு நாணி வாய் திறவாதிருத்தலும் கூடும்.

இவ்விடர் ஈழத்திலும் நேர்ந்ததே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றி, விடிய விடிய ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துள் அடங்கச் செய்தார். கற்றோரால் இகழப்பட்டிருந்த கலை அதனால் மதிப்புப் பெற்றது, அப்பணி மறக்கற்பாலதன்று. ஆனால் ஊரார் கூடிப் பழகி ஆடிய கூத்து வேறு, நகர மண்டபத்தில் நுழைவுச்சீட்டுப் பெற்றுக் காணும் கூத்து வேறு. முன்னது வாழ்வின் பகுதி. பின்னது கலையின் பகுதி. பின்னதன் சிறப்பு முன்னதன் மெலிவை மறைத்துவிடலாகாது. கோயில்களிற் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் மரபும் அத்தகையதே. ஒருவர் பாடலை இசைக்க, மற்றொருவர் பொருள் விரிக்க, அயலிலிருப்போர் ஐயம் வினவும் சிறு கூட்டத்திற் புராணம் உயிர்பெறுகின்றது. ஒலிபெருக்கி ஊரெங்கும் முழங்க, பயன் சொல்வோர் முன்னிலையில் எவரும் இல்லாதபோது எஞ்சுவது ஓசையே.

எனவே இவ்விளையாட்டின் நலத்தை நூல்களின் எண்ணிக்கையாலன்றிக் கூடியிருந்து ஆடும் சிறு குழுக்களின் எண்ணிக்கையாலேயே அளத்தல் வேண்டும். அவ்வகையில் 2023 ஜனவரியில் நிகழ்ந்தது நம்பிக்கை தருவது. தம் விதிகளைப் பிறரும் பயன்படுத்துமாறு 2000ஆம் ஆண்டில் அளித்த அனுமதியை உரிமையாளர் மாற்ற முயன்றபோது ஆடுவோர் திரண்டு எதிர்த்தனர், முயற்சி கைவிடப்பட்டது, அடிப்படை விதிகள் பொதுப் பயன்பாட்டு உரிமத்தின்கீழ் விடப்பட்டன. விதிநூல் வணிகருக்கு உரியதாயினும் விளையாட்டு ஆடுவோருக்கே உரியது என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்கு இதனாற் பெறப்படும் பயன் யாது? இவ்விளையாட்டுக்கு வேண்டியவை தாள், பென்சில், தாயக்கட்டை, ஓய்ந்த இரண்டு மணி நேரம் ஆகியவையே. பிறநாட்டுக் கோட்டையும் பறவைநாகமும் இன்றியமையாதன அல்ல. வன்னிக் காட்டு வழியும், புயலில் அகப்பட்ட வள்ளமும், பங்கீட்டில் முரணிய கிணற்று முறையும் தமிழிலேயே ஆடுதற்கு ஏற்றவை. விடையை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் மாணவன், விடை எழுதப்படாத வினாவொன்றின் முன் நின்று, தோழரோடு கலந்து, பிறனொருவனின் நிலையிலிருந்து துணிய நேர்தல் சிறிய கல்வியன்று. ஆயின் ஓர் எச்சரிக்கை வேண்டும். நடத்துநராய் அமரும் ஆசிரியர் தாம் விரும்பிய நீதியை நோக்கிக் கதையைச் செலுத்துவராயின், அது விளையாட்டுமன்று, கூத்துமன்று, வகுப்பறைப் பாடமே. முடிவை அறியாதிருக்கும் துணிவு ஆசிரியருக்கு வாய்க்குமாயின், மாணவருக்குப் பேச்சும் கேள்வியும் தாமே வாய்க்கும்.