கடைமடைக்காரன் எங்கே? மாணவர்கள் செய்யும் பலகை விளையாட்டுகள் பற்றி ஒரு குறிப்பு

கல்லூரி மூன்றாம் ஆண்டில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பலகை விளையாட்டு செய்தோம். பெயர் 'ஏரி'. ஒரு போட்டியில் அதுக்கு இரண்டாம் பரிசு கிடைச்சது. எந்தப் போட்டி, எந்தக் கல்லூரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பரிசு வாங்கின அன்னிக்கு ராத்திரி, விடுதி அறையில், எங்கள் விளையாட்டை நாங்களே முதல்முறையாக முதலில் இருந்து கடைசி வரை விளையாடினோம். ஆமாம், பரிசுக்கு அப்புறம்தான். அதற்கு முன் ரெண்டு மூணு சுற்று ஆடிப் பார்த்து "நல்லாருக்கு மச்சான்" என்று நிறுத்தியிருந்தோம்.

விளையாட்டு இவ்வளவுதான். அஞ்சு பேர் விவசாயிகள். நடுவில் ஒரு தட்டில் 40 புளியங்கொட்டை, அதுதான் ஏரித் தண்ணீர். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு பயிர் போடணும். மல்லாட்டை போட்டால் ஒரு கொட்டை செலவு, 2 ரூபாய் வரவு. கரும்பு போட்டால் 4 கொட்டை செலவு, 5 ரூபாய் வரவு. சுற்று முடிஞ்சதும் மழை பெய்து 10 கொட்டை ஏரிக்கு வரும். ஏரியில் 40-க்கு மேல் நிக்காது, வழிஞ்சு போயிடும். மொத்தம் எட்டுச் சுற்று. பேராசைப்பட்டால் ஏரி வற்றும், சிக்கனமாக இருந்தால் எல்லாரும் வாழலாம் என்று சுவரொட்டியில் பெரிசாக எழுதி வெச்சிருந்தோம்.

அன்னிக்கு ராத்திரி அறை நண்பன் ஒருத்தன் கணக்குப் போட்டான். எல்லாரும் மல்லாட்டையே போட்டால் எட்டுச் சுற்றில் ஊர் மொத்த வரவு 80 ரூபாய். எல்லாரும் கரும்பாகப் போட்டால் முதல் மூணு சுற்றிலேயே 75. அதுக்கப்புறம் ஏரியில் தண்ணி இல்லை, வருகிற 10 கொட்டையை வைத்துச் சுற்றுக்கு 14 ரூபாய்தான். அப்படியே போனாலும் கடைசியில் 145. அதாவது எங்கள் விளையாட்டில் ஏரியை வற்ற வைக்கிற ஊர், ஏரியைக் காப்பாற்றுகிற ஊரைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பணக்கார ஊர். சுவரொட்டி சொன்னது ஒன்று, விதி சொன்னது அதற்கு நேர் எதிர். நடுவர்கள் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்கள் ஒரு சுற்றுகூட ஆடவில்லை. அஞ்சு நிமிஷம் ஸ்லைடு பார்த்தார்கள், 'ஆப் எப்போ வரும்' என்று கேட்டார்கள், அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள்.

இந்தக் குறிப்பு எங்கள் தவறைப் பற்றியது மட்டும் இல்லை. 2021 ஜனவரியில் மத்திய அரசு 'டாய்கத்தான்' என்று ஒரு பொம்மை, விளையாட்டு வடிவமைப்புப் போட்டியை அறிவித்தது. அந்த ஜூன் மாதம் 22 முதல் 24 வரை அதன் இறுதிச் சுற்று இணைய வழியில் நடந்தது. அதற்குப் பிறகு கல்லூரி விழாக்களில் நான் பார்த்த மாணவர் விளையாட்டுகளைப் பற்றியும்தான் சொல்கிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சு. நூறு கட்டம், ஒரு பகடை. 'மரம் நட்டாய், மூன்று கட்டம் முன்னே போ.' 'பிளாஸ்டிக் எரித்தாய், ஐந்து கட்டம் பின்னே போ.' தலைப்பு மட்டும் மாறும். சில நேரம் நீர் சேமிப்பு, சில நேரம் சாலைப் பாதுகாப்பு, சில நேரம் சுதந்திரப் போராட்டம். அச்சு அருமையாக இருக்கும், பெட்டி கடையில் விற்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஆடுகிறவன் ஒரு முடிவுகூட எடுப்பதில்லை. மரம் நடலாமா வேண்டாமா என்று அவனை யாரும் கேட்கவில்லை. பகடை நட்டது, பகடை எரித்தது.

இது பரமபதத்தில் இருந்து வந்த அச்சு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பரமபதம் ஏன் சரியாக வேலை செய்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழித்து ஆடுகிற ஆட்டம் அது. ஏணி ஏறுவதும் பாம்பு கடித்து இறங்குவதும் நம் கையில் இல்லை, தாயக்கட்டை விழுகிறபடிதான் என்பதுதான் அந்த ஆட்டத்தின் உள்ளே இருக்கிற பேச்சே. அங்கே சொல்ல வந்த விஷயமும் விதியும் ஒன்று. அதே பலகையில் 'உன் செயலால் உலகம் மாறும்' என்று அச்சடித்தால், வாய் ஒன்று சொல்ல, கை இன்னொன்று செய்கிறது. ஆடுகிற பிள்ளை எதை நம்பும்? கையைத்தான்.

இதில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் 1904-இல் ஒரு விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நிலத்தை வளைத்துப் போட்டு வாடகை பிடுங்குவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று காட்டுவது அவர் நோக்கம். அது கைமாறிக் கைமாறி, கல்லூரி மாணவர்கள்கூட வீட்டில் துணியிலும் அட்டையிலும் வரைந்து ஆடி, கடைசியில் 1935-இல் மோனோபோலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. நம் வீடுகளில் கோடை விடுமுறையில் ஆடுகிற 'பிசினஸ்', 'டிரேடு' எல்லாம் அதன் வழி வந்தவைதான். அதை ஆடிவிட்டு எந்தப் பிள்ளையாவது வாடகை பாவம் என்று எழுந்திருக்கிறதா? எதிராளியை ஓட்டாண்டி ஆக்கினால் வெற்றி என்று விதி சொல்கிறது, பிள்ளைகள் அதைத்தான் சந்தோஷமாகக் கற்றுக்கொள்கிறார்கள். நீதி தனியாக, விதி தனியாக இருந்தால் ஜெயிப்பது விதி.

சரி, எங்கள் ஏரிக்கு வருவோம். கணக்கைத் திருத்தினோம். மழையை 5 கொட்டையாகக் குறைத்தோம். ஏரி ஒரு தடவை வற்றினால் ஆட்டம் அங்கேயே முடியும் என்று விதி போட்டோம். இப்போ எல்லாரும் கரும்பு போட்டால் மூணாவது சுற்றிலேயே ஏரி காய்ந்து 64 ரூபாயோடு முடியும். எல்லாரும் மல்லாட்டை போட்டால் எட்டுச் சுற்றும் ஓடி 80. விதி நேரானது என்று நினைத்தேன்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். எனக்கு மயிலம். கூட்டேரிப்பட்டில் இறங்கி உள்ளே வந்தால் முருகன் மலை தெரியுமே, அந்த ஊர்தான். தினசரி காலண்டரின் அட்டையைத் திருப்பி அதில் வரைந்த பலகையையும், ஒரு டப்பா புளியங்கொட்டையையும் எடுத்து வந்திருந்தேன். திண்ணையில் பெரியப்பா, சித்தி, பக்கத்து வீட்டு அண்ணன், நான், தங்கச்சி, அஞ்சு பேர் உட்கார்ந்தோம். விதியைச் சொல்லி முடிக்கும் முன்னாடியே பெரியப்பா கேட்டார்: "ஏன்டா தம்பி, எல்லாரும் ஒரே நேரத்துல தட்டுல கைய விடறாங்க, இது எந்த ஊரு ஏரி? தலைமடைக்காரன் யாரு? கடைமடைக்காரன் எங்கடா?"

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. நாலு பேரும் ஏரிப்பாசனப் பிள்ளைகள்தான், ஆனாலும் தோன்றவில்லை. புத்தகத்தில் படித்த 'பொதுவளம்' என்ற சொல்லை விளையாட்டாக்கினோமே தவிர, கண்ணால் பார்த்த ஏரியை விளையாட்டாக்கவில்லை. ஏரித் தண்ணீர் மடை வழியாகப் போகிறது. மடைக்குப் பக்கத்து நிலத்துக்கு முதலில் பாயும், மிச்சம் இருந்தால்தான் கடைசி நிலத்துக்கு. அஞ்சு பேரும் சமம் என்று எடுத்துக்கொண்ட நொடியிலேயே நாங்கள் ஏரியை விட்டுவிட்டோம்.

அப்பவே மாற்றினோம். ஒண்ணு முதல் அஞ்சு வரை இடம் குறித்து, அந்த வரிசையில்தான் கொட்டை எடுக்கணும் என்று வைத்தோம். பெரியப்பா தலைமடை, சித்தி கடைமடை. மூணாவது சுற்றில் சித்திக்கு ஒரு கொட்டைகூட மிஞ்சவில்லை. "எனக்கு எந்த எழவும் வேணாம், அடுப்புல வேலை இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். அப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு நோட்டில் எழுதும்போதுதான் புரிந்தது. அந்த நாளில் கிடைத்த மிக நல்ல தகவல் அதுதான். கடைமடையில் இருக்கிறவர்கள் விவசாயத்தை விட்டுவிட்டுப் போவது எப்படி நடக்கும் என்று என் பலகை முதல்முறையாக உண்மை பேசியிருக்கிறது. ஆனால் ஒருத்தர் மூணாம் சுற்றில் எழுந்து போகிற ஆட்டம் ஆட்டமாகவும் நிற்காது.

சமமில்லாத ரெண்டு பக்கத்தை வைத்தும் நல்ல ஆட்டம் செய்யலாம் என்பதற்கு அத்தாட்சி நம்மிடமே இருக்கிறது. கோயில் மண்டபத் தரைகளில் செதுக்கிக் கிடக்குமே ஆடுபுலி ஆட்டக் கட்டம், அதுதான். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆட்டுக்கு வெட்டவே தெரியாது. ஆனால் ஆடுகள் சேர்ந்து நின்றால் புலிக்கு நகர இடமிருக்காது. பலவீனமான பக்கத்துக்கு அந்த ஆட்டம் இரக்கம் காட்டவில்லை, வேறு வகையான ஒரு பலம் கொடுத்திருக்கிறது. இதன் உறவுக்காரனான நேபாளத்துப் பாக்-சாலில் 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைக் கணினியில் முழுக்க அலசி, ரெண்டு பக்கமும் தப்பில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று நிறுவினார்கள். இந்தச் சமநிலையை எந்தக் கணக்கரும் உட்கார்ந்து போட்டிருக்க வாய்ப்பில்லை. தலைமுறை தலைமுறையாக ஆடி, 'இந்த விதி சரியில்ல' என்று சண்டை போட்டு, ஊருக்கு ஊர் மாற்றித் தேய்த்த தேய்ப்பு அது. சோதனை ஆட்டம் என்று நாம் இன்றைக்குப் பெயர் வைத்திருப்பது இதைத்தான்.

அப்போ கடைமடைக்காரனின் பலம் எது? இதற்கும் பதில் பெரியப்பாதான் சொன்னார். "வாய்க்கா வெட்ட எல்லாரும் வரணும்டா. அவன் வரலன்னா தூர் யாரு எடுப்பா?" குடிமராமத்து. ஒவ்வொரு சுற்று ஆரம்பத்திலும் ஆளுக்கு ஒரு காசு போடலாம், போடாமலும் இருக்கலாம். எத்தனை காசு விழுந்ததோ, மழைக்கு அத்தனை கொட்டைதான் ஏரிக்குள் வரும். இந்த ஒரு விதி போட்டதும் திண்ணையில் பேச்சு ஆரம்பித்தது. மறுநாள் திரும்ப வந்து உட்கார்ந்த சித்தி, "எனக்கு ரெண்டு கொட்டை விட்டாத்தான் காசு போடுவேன்" என்றார். பேரம் பேசச் சொல்லி நாங்கள் எந்த விதியும் எழுதவில்லை.

பிறகு படித்தபோது தெரிந்தது, பொதுவளங்களைப் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ராம், ராய் கார்ட்னரோடு சேர்ந்து 1993-இல் நேபாளப் பாசனம் பற்றி எழுதிய கட்டுரையில் இதே விஷயம் இருக்கிறது. அணையைப் பராமரிக்கக் கடைமடைக்காரர்களின் உழைப்பு தேவைப்படுகிற இடத்தில் தலைமடைக்காரர்கள் தண்ணீரைப் பகிர்கிறார்கள். சிமெண்டில் நிரந்தரமாகக் கட்டி அந்த உழைப்பு தேவையில்லாமல் போனால், பகிர்வும் குறைகிறது. என் பெரியப்பா ஆஸ்ட்ராமைப் படித்ததில்லை. ஆனால் விளையாட்டை அவர் முன்னால் வைத்திராவிட்டால், அவருக்குத் தெரிந்ததை நான் கேட்டிருக்கவும் மாட்டேன்.

இப்படிப்பட்ட விளையாட்டு உண்மையிலேயே பயன்படுமா என்று கேட்பீர்கள். ஆந்திர கிராமங்களில் நிலத்தடி நீரை வைத்து இதே மாதிரி ஒரு விளையாட்டை ஆட வைத்திருக்கிறார்கள். அஞ்சு அஞ்சு பேராக உட்கார்ந்து, குறைந்த நீர்ப் பயிரா அதிக நீர்ப் பயிரா என்று தேர்வு செய்யணும். சில சுற்றுகளில் பேசக்கூடாது, சிலவற்றில் பேசலாம். முடிந்ததும் ஊரைக் கூட்டி என்ன நடந்தது என்று பேசுவார்கள். ரூத் மெய்ன்சன்-டிக்கும் மற்றவர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆடிய ஊர்களில் நீர்க் கணக்குப் பதிவேடும் நீர் விதிகளும் வருவது கூடியிருக்கிறது. அந்த விளையாட்டில் பளபளப்பு எதுவும் கிடையாது. கல்லூரிப் போட்டியில் வைத்தால் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.

விளையாட்டு செய்கிற தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்தில் இருந்து மூணு விஷயம். முதலில், கடைசிச் சுற்று வரை ஆடாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். புளியங்கொட்டையும் காலண்டர் அட்டையும் போதும். அடுத்து, கெட்டவனாக ஒரு தடவை முழுசாக ஆடுங்கள். கெட்டவன் ஜெயித்தால் உங்கள் சுவரொட்டி பொய். கடைசியாக, நண்பர்களிடம் மட்டும் சோதிக்காதீர்கள், அவர்கள் உங்களுக்காக ஆடுவார்கள். எழுந்து போகக்கூடியவர்களிடம் சோதியுங்கள். நடுவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், ஒரு சுற்றாவது உட்கார்ந்து ஆடுங்கள்.

போன மாசம் ஏரியை மறுபடி திண்ணைக்குக் கொண்டுபோனேன். பெரியப்பா நாலு சுற்று நல்லபடியாக ஆடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் சரி. போர் போட்டவன் எங்க?" என்றார். ஒருத்தருக்கு மட்டும் போர்வெல் கொடுத்துப் பார்த்தோம். அவருக்கு ஏரி தேவையில்லை, அதனால் காசு போடவில்லை. அவர் போடாததைப் பார்த்து அடுத்தவரும் நிறுத்தினார். ரெண்டே சுற்றில் ஆட்டம் கலைந்தது. ஆறு விதமாக விதி மாற்றிப் பார்த்தாச்சு, இன்னும் நிற்கவில்லை. யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள், ஆடிப் பார்க்கிறேன்.