நான்கு வாரம் பொறுக்கலாம், ஆனால் எங்கே?

கணையம் திடீரென அழன்றால் அதைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது வழக்கம். ஸ்கேனில் அது தெரிந்ததுமே, "ஊசி போட்டு எடுத்துவிட வேண்டியதுதானே?" என்று வீட்டார் கேட்பார்கள். பொறுங்கள் என்கிறது இன்றைய மருத்துவம். அந்தப் பொறுமை சரியானது என்றே நினைக்கிறேன். நம் பக்கத்தில் அதைக் கடைப்பிடிக்கும் விதத்தில்தான் ஓட்டை இருக்கிறது.

2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு நான்கு வாரத்தை எல்லையாக வைத்தது. அதற்குள் சேரும் வெறும் நீர் பெரும்பாலும் தானே வற்றிவிடும். அதில் குழாய் செருகினால் இல்லாத கிருமியை நாமே உள்ளே விடுவோம். இறந்த திசு கலந்த தேக்கம் அப்படி எளிதில் வற்றாது; ஆனால் நான்கு வாரத்தில் அதைச் சுற்றிச் சுவர் கெட்டிப்படும். அதற்குமுன் கைவைத்தால் ரத்தப்போக்கு, குடலில் ஓட்டை என்று ஆபத்துகள்.

சீழ் பிடித்தால் வயிற்றைத் திறந்து சுரண்டி எடுப்பதே முன்பு முறை. 2010இல் வெளியான நெதர்லாந்தின் பேந்தர் ஆய்வு அதை அசைத்தது. 88 நோயாளிகளில், திறந்த அறுவைக்கு உட்பட்டவர்களில் 69 சதவீதம் பேர் பெரிய சிக்கலையோ மரணத்தையோ சந்தித்தார்கள். முதலில் குழாய், பிறகு தேவைப்பட்டால் மட்டும் அறுவை என்று போனவர்களில் 40 சதவீதம். பின்னவர்களில் 35 சதவீதம் பேருக்குக் குழாயே போதுமானதாக இருந்தது. 2021இன் பாயின்டர் ஆய்வில், சீழ் பிடித்த பிறகும் குழாய் போடுவதைத் தள்ளிவைத்தவர்களில் 39 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக்கிலேயே தேறினார்கள்.

எண்களில் குறை இல்லை. ஆனால் அந்த நோயாளிகள் காத்திருந்தது தேர்ந்த மருத்துவமனைகளில். இரவிலும் சி.டி. எடுக்க ஆள், மூக்குக்குழாய் வழியே உணவு, உறுப்பு செயலிழந்தால் ஐ.சி.யூ. எல்லாம் அங்கே உண்டு. இவை இல்லாத சிறு மருத்துவமனையில் காத்திருப்பது சிகிச்சை ஆகாது, கைவிடுவதுதான். நிலைமை மோசமாகிக்கொண்டே போகும் நோயாளிக்கு நான்கு வாரம் என்பது விதியும் அல்ல.

நம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போகும் பழக்கம் மாறவில்லை. தம்பானூரில் ரயிலோ பஸ்ஸோ விட்டிறங்கி மெடிக்கல் காலேஜுக்கு வண்டி பிடிப்பவர்களில் நம் மார்த்தாண்டத்துக்காரர்களும் இருப்பார்கள். வெப்பமண்டலக் கணைய நோயை டாக்டர் கீவர்கீஸ் ஆராய்ந்த ஊர் திருவனந்தபுரம். அங்கே மருத்துவ அறிவுக்குக் குறைவில்லை. வீடு திரும்பிய பின்புதான் தொல்லை ஆரம்பிக்கிறது. விலாவில் தொங்கும் குழாயில் நாளும் சலைன் விட்டுக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் இறந்த திசுத் துணுக்கு அடைத்து, பையில் ஒன்றும் இறங்காது, காய்ச்சல் திரும்பும்.

வெளியே குழாய் தொங்காமல் எண்டோஸ்கோப்பியால் இரைப்பைக்குள் வடிப்பது சில விதத்தில் இதைவிட மேல். 2018இன் டென்ஷன் ஆய்வில் கணைய நீர் கசியும் புரைவழி அறுவைக் குழுவில் 32 சதவீதம் பேருக்கு உண்டானது, எண்டோஸ்கோப்பிக் குழுவில் 5 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் இன்று இரைப்பையிலிருந்து பதிக்கப்படும் அகன்ற உலோக ஸ்டென்ட்டை மூன்று, நான்கு வாரத்தில் எடுத்தாக வேண்டும். தேக்கம் சுருங்கியதும் அது ரத்தக்குழாயில் உரசும், சதைக்குள் புதையும். வலி நின்றவருக்கோ ஒருநாள் கூலியை விட்டு மறுபடி பஸ் ஏற மனம் வராது.

குழாய் கழுவும் வேலையை நம் மாவட்டத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையிடம் முறையாக ஒப்படைக்கலாம். ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டின் முதல் வரியில், தமிழில் எழுத வேண்டும். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வார்டிலிருந்து ஒரு போன் போக வேண்டும்.