பக்கத்து அத்தியாயத்தில் வாழ்ந்தவர்கள்

சேலத்திலிருந்து கிழக்கே போகும் சாலை அயோத்தியாப்பட்டணத்தில் பிரிகிறது. ஒரு கிளை மஞ்சவாடிக் கணவாய் ஏறி அரூருக்குப் போகிறது. இன்னொன்று வாழப்பாடி வழியாக ஆத்தூருக்கு. ஊருக்குள் கோதண்டராமர் கோயில். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமன் இங்கே தங்கியதாகவும் அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்றும் சொல்வார்கள். மண்டபத்துத் தூண்கள் நாயக்கர் காலத்து வேலை. கைகூப்பி நிற்கும் ஓர் உருவத்தைத் திருமலை நாயக்கர் என்று காட்டுகிறார்கள். பொருள் கொடுத்தவருக்குச் சிலை இருக்கிறது. உளி பிடித்தவரின் பெயர் எந்தத் தூணிலும் இல்லை.

அது பழைய காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்துவிட்டது. பத்திரிகை, நீதிமன்றப் பதிவு, ஜில்லா மானுவல், கடிதம், சுயசரிதை எல்லாம் வந்துவிட்டன. பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதிவைக்கும் பழக்கமும் அந்த நூற்றாண்டில்தான் இங்கே வேர்விட்டது. காவலி வெங்கட ராமசுவாமி தக்காணத்துக் கவிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1829இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் சைமன் காசிச்செட்டி 1859இல் ‘தமிழ் புளூடார்க்’ வெளியிட்டார். அதுவும் ஆங்கிலம்தான். அதே யாழ்ப்பாணத்து ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் ‘பாவலர் சரித்திர தீபக’த்தைத் தமிழிலேயே கொண்டுவந்தார். நூற்றாண்டு முடிவதற்குள் ஜி. பரமேசுவரன் பிள்ளை தென்னிந்தியப் பிரமுகர்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். ஆக, எழுதும் கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியின் மனிதர்களை இந்த நூல்வரிசையில் தேடிப் போனால் ஒன்று கண்ணில் படுகிறது. பெரும்பாலும் அவர்கள் அடுத்தவர் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தில்தான் உயிரோடு இருக்கிறார்கள். தனிப் புத்தகம் வாய்த்தவர்கள் வெளியிலிருந்து வந்து போனவர்கள்.

முதல் உதாரணம் தாமஸ் மன்றோ. 1792இல் தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியபோது அதை நிர்வகிக்க அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் ஒருவர் மன்றோ. ஏழு வருஷம் தருமபுரிப் பக்கம் நிலம் அளந்து, குடியானவரோடு நேரடியாகக் கிஸ்தி பேசி, பிற்பாடு ரயத்துவாரி என்று பெயர்பெற்ற முறைக்கு இங்கேதான் கை பழகினார். தருமபுரியில் வைத்த தோட்டத்தைப் பிரிய மனமில்லாமல் அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. காரணம், 1827இல் அவர் காலராவில் இறந்த மூன்றே வருஷத்தில் கிளெய்க் என்பவர் அவர் வாழ்க்கையையும் கடிதங்களையும் அச்சேற்றிவிட்டார். 1881இல் அர்பத்நாட், 1966இல் பீகிள்ஹோல், 1989இல் பர்ட்டன் ஸ்டைன் என்று ஒருவர் பின் ஒருவராக எழுதிக்கொண்டே இருந்தார்கள். சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையும் இருக்கிறது. தொழில் கற்றுக்கொடுத்த ரீடின் பெயர் வரலாற்று மாணவர்களைத் தாண்டி யாருக்குத் தெரியும்? எழுதப்பட்ட கடிதமும் அதைப் பத்திரப்படுத்திய கையும் சேர்ந்தால்தான் ஒரு வாழ்க்கை நிற்கிறது என்பதற்கு இவர்கள் இருவருமே போதும்.

ஜோசையா மார்ஷல் ஹீத்தின் கதை இன்னும் விசித்திரம். கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர், சேலத்து இரும்புத்தாதுவை நம்பி வேலையை விட்டார். 1830களில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கப் பெரிய உலை அமைத்தார். தாது நல்ல தாது, கணக்குத்தான் கட்டவில்லை. பிறகு இங்கிலாந்து போய், எஃகு வார்க்கும்போது மாங்கனீசு சேர்க்கும் உத்திக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு தொழிற்சாலைகள் அந்த உத்தியால் கொழித்தன. அவரோ ஆண்டுக்கணக்கில் வழக்காடிக் களைத்து 1851இல் இறந்தார். அவருக்கு முன்னாலேயே சேலம் கிராமங்களில் துருத்தி ஊதி, மண்மூசையில் எஃகு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்முறை ஆங்கிலேயர் குறிப்புகளில் விரிவாகவே வருகிறது. மூசையின் அளவு வருகிறது, அதில் போட்ட ஆவாரங்குச்சி வருகிறது, ஆள் பெயர் வருவதில்லை. அந்த இரும்புத்தாது உள்ள கஞ்சமலையின் அடிவாரத்தில் இன்று சேலம் உருக்காலை நிற்கிறது.

தீரன் சின்னமலையை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். காகிதம் அவரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம். கொங்குநாட்டு வாய்மொழியும் பாட்டும் சொல்வது நிறைய. கம்பெனிப் படையோடு அவர் மோதிய களங்களை ஆவணத்தில் தேடுபவர்களும் பாட்டில் தேடுபவர்களும் வேறுவேறு சின்னமலையோடு திரும்புகிறார்கள். எனக்கு இதில் குறை தெரியவில்லை. ஊர் தன் வாயாலேயே ஒருவருக்கு வரலாறு எழுதிய அபூர்வமான இடம் இது.

இனி இந்தக் கட்டுரையின் நடுநாயகரிடம் வரலாம். சேலம் இராமசுவாமி முதலியார், 1852இல் பிறந்தவர். சென்னையில் சென்ட்ரல் எதிரே சத்திரம் கட்டியவர் இவர்தான் என்று பேச்சில் பலர் சேர்த்துவிடுகிறார்கள். சத்திரம் கட்டியவர் வேறொருவர், சர் சவலை இராமசுவாமி முதலியார். இராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியும் அவர் பெயரில்தான். நம்மவர் கட்டடம் எதையும் விட்டுப் போகவில்லை. அவர் விட்டுப்போனது ஒரு கேள்வி.

1880 அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முனிசீபாக மாற்றலாகி வந்திருந்த முதலியாரைக் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் பார்க்கப் போகிறார். ஐயருக்கு அப்போது வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்ற பெருமிதம் இயல்பாகவே உண்டு. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று ஐயர் பட்டியல் போடுகிறார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. ஐயர் பெரிய காவியங்களின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறார், அப்போதும் இல்லை. இவ்வளவுதானா என்ற தோரணையில் கேட்டுக்கொண்டிருந்த முதலியார், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் தெரியுமா என்று கேட்கிறார். தெரியாது. ஆசிரியரிடமும் அவற்றைப் பாடம் கேட்டதில்லை.

‘என் சரித்திர’த்தில் ஐயர் இந்தக் காட்சியைச் சொல்லும் விதத்தில் ஓர் அழகு இருக்கிறது. தனக்கு நேர்ந்த சிறுமையை மறைக்காமல் வைக்கிறார். முதலியாரின் மிடுக்கையும் மெழுகாமல் வைக்கிறார். சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை முதலியார் கொடுக்க, இருவரும் கூடி உட்கார்ந்து படிக்கத் தொடங்குகிறார்கள். சமணக் கருத்துகள் புரியாதபோது கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடி ஐயர் போகிறார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சாகி வருகிறது. அதற்குப் பின் வந்த பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் எல்லோரும் அறிந்த கதை. அந்த நாள் அந்த முனிசீப் கும்பகோணத்தில் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது வீண்வேலை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கச் சி.வை. தாமோதரம் பிள்ளை முதலியோர் தனியாக உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் சாமிநாதையர் என்ற ஒருவரை அந்தத் திசையில் திருப்பியது சேலத்துக்காரர் ஒருவரின் பொறுமையின்மைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த மனிதரின் மிச்ச வாழ்க்கை எங்கே? 1885இல் இங்கிலாந்துப் பொதுத்தேர்தல் சமயத்தில் இந்தியாவின் குறைகளை அங்கே வாக்காளர்களிடம் எடுத்துச்சொல்ல மூன்று பேர் போனார்கள்: வங்கத்திலிருந்து மன்மோகன் கோஷ், பம்பாயிலிருந்து சந்தாவர்க்கர், சென்னையிலிருந்து இராமசுவாமி முதலியார். அந்தப் பயணத்தை 1887இல் புத்தகமாக எழுதியவர் சந்தாவர்க்கர். இங்கேயும் முதலியார் அடுத்தவர் புத்தகத்தில்தான் நடமாடுகிறார். 1892இல், நாற்பதாவது வயதில், இறந்துபோனார். ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்திராவிட்டால் தமிழர்களில் பெரும்பாலோர் இவர் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதே 1852இல் செங்கல்பட்டுச் சீமையின் பொன்விளைந்த களத்தூரில் பிறந்து, சேலத்தையே தன் ஊராக்கிக்கொண்டவர் சி. விஜயராகவாச்சாரியார். கல்லூரி ஆசிரியராக வந்தார், வக்கீலானார், நகராட்சி உறுப்பினரானார். 1882 ஆகஸ்டில், மசூதி வழியே ஊர்வலம் போவது பற்றிய தகராறு முற்றிச் சேலத்தில் கலவரம் வெடித்தது. தூண்டிவிட்டார் என்று அவரைப் பிடித்தார்கள். செஷன்ஸ் நீதிமன்றம் பத்து வருஷ நாடுகடத்தல் விதித்தது. உயர்நீதிமன்றம் விடுவித்தது. அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் அவரை இன்று யாரும் பேசமாட்டார்கள். நகராட்சியிலிருந்து தன்னை நீக்கியது செல்லாது என்று சர்க்கார்மீதே வழக்குப் போட்டு, நூறு ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார்! தொகை பெரிதல்ல, அதைச் சர்க்கார் கட்டியதுதான் பேச்சு. ‘தென்னாட்டுச் சிங்கம்’ என்ற பெயர் அப்புறம் ஒட்டிக்கொண்டது. 1920இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கி, 1944 வரை வாழ்ந்தார்.

அவருடைய வாழ்க்கையைப் படிக்கிறவர் வழக்குக்கட்டைப் படிப்பதுபோலத்தான் படிக்கவேண்டியிருக்கிறது. குற்றச்சாட்டு, தீர்ப்பு, மேல்முறையீடு, தலைமையுரை. இடையிலே மனிதர் என்ன சாப்பிட்டார், யாரோடு சண்டை போட்டார், சிறைக்குள் இருந்த நாட்களில் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் மங்கல். அந்தக் கலவரத்துக்கு மறுவருஷம், 1883இல், லெ ஃபானு எழுதிய சேலம் ஜில்லா மானுவல் வந்தது. இரண்டு பாகம், மண், மழை, வரி, சாதி, கோயில், சந்தை எல்லாம் உண்டு. ஒரு ஜில்லாவை அறிய இதைவிட நல்ல புத்தகம் அந்தக் காலத்தில் இல்லை. ஆனால் அதில் வரும் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாக வருகிறார்கள். 1871இல் பத்தொன்பது லட்சத்துக்கு மேலிருந்த ஜில்லாவின் ஜனத்தொகை, தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் எடுத்த 1881 கணக்கில் பதினாறு லட்சமாகச் சுருங்கியிருந்தது. முதலியாரும் ஆச்சாரியாரும் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பஞ்சத்தின் நடுவில் அவர்கள் கண்ணில் பட்டது என்ன என்பதை இருவரில் ஒருவர் எழுதி வைத்திருந்தால்கூடப் போதும்.

எழுதும் கை கொண்ட சேலத்துக்காரர் ஒருவர் இருந்தார். பெயரிலேயே சேலத்தைச் சுமந்த எஸ்.பி. நரசிம்மலு நாயுடு (1854–1922). சேலத்தில் ‘சேலம் தேசாபிமானி’ என்ற பத்திரிகை நடத்திவிட்டுக் கோயமுத்தூர் போனார். அங்கே ‘கலாநிதி’ நடத்தினார். சிறுவாணித் தண்ணீருக்காக வாதாடினார். பிரம்ம சமாஜத்தில் ஈடுபட்டார். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குப் போனதோடு, வடநாட்டுப் பயணத்தை ‘ஆரிய திவ்விய தேச யாத்திரைச் சரித்திரம்’ என்று புத்தகமாகவும் எழுதினார். ரயில் நிலையம், சத்திரம், ஆற்றுப்பாலம், விலைவாசி எதையும் விடாத கண். ஆனால் அவரைக் கொண்டாடுவது கோவைதான். சேலத்தில் அவர் பெயர் அவருடைய தலைப்பெழுத்தோடு நின்றுவிட்டது. இதற்குச் சேலத்தைக் குறை சொல்வது நியாயமாக இராது. போன ஊரில்தானே மனிதர் முழுமையாக வேலை செய்தார்.

அடுத்த தலைமுறையில் நிலைமை மாறுகிறது. மோகனூரில் 1888இல் பிறந்த இராமலிங்கம் பிள்ளை ஓவியராகத் தொடங்கி நாமக்கல் கவிஞராகி, ‘என் கதை’ என்று தானே எழுதிவிட்டார். போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த நாட்களும், படம் எழுதிப் பிழைத்த நாட்களும் அதில் சிரிப்போடு வருகின்றன. ஒரு தமிழ் ஓவியர் தன் தொழிலைப் பற்றித் தன் வாயால் சொன்ன பக்கங்கள் மிகக் குறைவு என்பதால், அவர் கவிதையைவிட இந்த உரைநடையைத்தான் நான் மேலாக வைப்பேன். சேலத்தில் வக்கீலாக இருந்த பி.வி. நரசிம்ம ஐயர் (பிறப்பு 1874) வேறு மாதிரி. 1921இல் தன் குழந்தைகள் இருவர் கிணற்றில் மூழ்கி இறந்தபின் அவருக்குத் தொழிலும் அரசியலும் விட்டுப்போயின. திருவண்ணாமலைக்குப் போய் ரமணரோடு தங்கி, 1931இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். ரமணரைப் பற்றி அதற்குப் பின் எழுதியவர்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்துக்குக் கடன்பட்டவர்கள்.

இராமசுவாமி முதலியாருக்கு அப்படி உட்கார்ந்து எழுதுகிறவர் வேண்டும். பொருள் இல்லாமலில்லை. சிந்தாமணி முதற்பதிப்பின் முகவுரை இருக்கிறது. ‘என் சரித்திர’த்தின் அத்தியாயங்கள் இருக்கின்றன. சந்தாவர்க்கரின் லண்டன் குறிப்புகள் இருக்கின்றன. முதல் சில காங்கிரஸ் மாநாடுகளின் அறிக்கைகள் இருக்கின்றன. 1877 முதல் 1900 வரை சாமிநாதையருக்கு வந்த கடிதங்களும் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பில் அச்சில் கிடைக்கின்றன. முனிசீபாக அவர் எழுதிய தீர்ப்புகளைக் கும்பகோணத்திலிருந்து தேடத் தொடங்கலாம். சேலத்துக் குடும்பச் சொத்தின் பத்திரங்களைப் பதிவு அலுவலகத்தில் தேடலாம். எழுதுகிறவர் சட்டமும் படித்தவராக இருந்தால் நல்லது.