விட்டதன் கணக்கு

சபைகளில் இப்போது ஒரு வகைச் சாட்சிக்குத் தனி மவுசு. கன்வென்ஷன் மேடையேறுகிறவர் முதலில் பழைய சம்பளத்தைச் சொல்கிறார். பிறகு கம்பெனி, கார், அமெரிக்க விசா. கடைசியில்தான் ஆண்டவருடைய அழைப்பு. கூட்டம் அல்லேலூயா சொல்வது அழைப்புக்கா சம்பளத்துக்கா என்பது எனக்கு விளங்குவதில்லை. இதைக் குறை சொன்னால் உடனே வேலூரைக் காட்டி வாயை அடைப்பார்கள்: அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் சொகுசை உதறியிராவிட்டால் சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஏது?

ஐடாவின் தியாகத்தில் எனக்குச் சந்தேகமில்லை. 1899இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் வாங்கியவர், அமெரிக்காவிலேயே வசதியாக இருந்திருக்கலாம். 1900இல் வேலூர் வந்தார். 1960இல் கொடைக்கானலில் இறந்தார். வசதியை விட்டு வந்தவர்களிடம் ஒரு துணிச்சல் இருக்கும் என்பதும் உண்மைதான். இதற்குமேல் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அந்த வாழ்க்கையை நாம் சொல்லிவருகிற விதத்தோடுதான் எனக்குப் பல வருடப் பிணக்கு. ஞாயிறுப்பள்ளிக்குப் போன எல்லாருக்கும் தெரிந்த கதை: திண்டிவனம், ஓர் இரவு, கதவைத் தட்டிய மூன்று ஆண்கள். பிராமணர், முஸ்லிம், முதலியார். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவச் சிக்கல். ஐடாவின் அப்பாவை, ஆண் மருத்துவர் என்பதால், அவர்கள் உள்ளே விடச் சம்மதிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காத இளம்பெண். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். கணவர்களின் சாதியும் மதமும் நமக்கு மனப்பாடம். செத்தவர்களில் ஒருத்தியின் பெயர்கூடக் கதைக்குத் தேவைப்படவில்லை. ஐடாவுக்கு அழைப்பு கிடைத்ததோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது.

விட்டுவந்தது எவ்வளவு என்று அளக்கத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். சேவை பெற்றவர்கள் பின்திரையாகிவிடுவார்கள். விடுவதற்கு ஏதாவது இருந்தவர்களுக்கு மட்டுமே அழைப்பு உண்டு என்றாகிவிடும். வெயிலில் ஊர் ஊராக நடந்த வேதாகம ஸ்திரீகளும் இரவெல்லாம் விழித்திருந்த கம்பவுண்டர்களும் நர்சுகளும் எதை விட்டார்கள்? விடுவதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. அதனால் சபை நாடகங்களில் வேடமும் இல்லை. அரசின் மகளிர் மருத்துவப் பணியில் தலைமைப் பதவிவரை உயர்ந்து, பிறகு சிஎம்சியின் முதல் இந்திய இயக்குநரான ஹில்டா லாசரஸை எத்தனை சபைப் பிள்ளைகளுக்குத் தெரியும்? விசாகப்பட்டினத்திலிருந்து வேலூர் வரக் கப்பல் ஏற வேண்டியிருக்கவில்லை. அதுதான் காரணமோ என்னவோ.

இந்த அளவுகோலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. விட்டவர் கடன் கொடுத்தவராகிறார், மற்றவர்கள் கடனாளிகள். இவ்வளவு பெரிய வேலையை உதறிவிட்டு வந்தவரிடம் காணிக்கைக்கு வரவுசெலவு கேட்க எந்தக் கமிட்டிக்குத் துணிவு வரும்? அழைப்பு வராத மனைவியும் பள்ளிக்கூடம் மாறிய பிள்ளைகளும் சாட்சியில் ஒரு வரியில் முடிந்துபோகிறார்கள்.

வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப்பான அசரியா 1910லேயே எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகள் நிறைந்த அரங்கில் இதைச் சொல்லிவிட்டார். நீங்கள் உடைமையைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது நட்பு என்று அவர் கேட்டபோது அரங்கில் சலசலப்பு. நூறு வருடம் தாண்டியும் நம் மேடைகள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. வேதத்தில் பேதுரு வலையை விட்டதை மறக்காதவர்கள் சகேயுவை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அவன் பாதிச் சொத்தை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னான். வீட்டை விட்டு வா என்று இயேசு கேட்கவில்லை. அந்த வீட்டில்தான் தங்கினார்.

ஐடாவின் பெருமையும் வேறிடத்தில் இருக்கிறது. ஷெல் என்ற அமெரிக்க வங்கியாளர் தந்த பத்தாயிரம் டாலரில் எழுந்தது 1902இன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பிறகு ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பணமும் இந்தப் பக்கம் வந்தது. சொகுசானவர்களின் பணப்பையைத் திறக்கவைத்து, தான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்படி இங்கத்திப் பெண்களுக்கே மருத்துவம் கற்றுக்கொடுத்த நிர்வாகி அவர். இதை யாரும் நாடகமாகப் போடுவதில்லை. பட்ஜெட்டில் கண்ணீருக்கு இடமில்லை.

அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த சிஎம்சி கல்லூரியில் சபைகளின் பரிந்துரையில் சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு வருடம் வேலை செய்வதாக எழுதிக்கொடுக்கிறார்கள். இடம், காலம், வேலை எல்லாம் தாளில் இருக்கின்றன. வராதவரைக் கேள்வி கேட்கலாம். இதெல்லாம் ஒரு அழைப்பா, வெறும் ஒப்பந்தம், பிணைக்காலம் முடிந்ததும் பெரிய ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள் என்று முழுநேர ஊழியர்கள் சிலர் இளக்காரமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். போகட்டுமே. அந்த இரண்டு வருடம் அந்த ஊரில் பிரசவம் பார்க்க ஒரு டாக்டர் இருந்தார்.